பழைய பாசனக் குழாயை மாற்ற நகைக்கடன் வாங்கலாமா?

கேள்வி: பொள்ளாச்சி அருகே எங்களுக்கு 4 ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. கிணற்றிலிருந்து தோப்புக்குச் செல்லும் 1,500 அடி சிமென்ட் குழாய் 30 ஆண்டுப் பழையது. அடிக்கடி இணைப்புகளில் கசிகிறது. பி.வி.சி. குழாயாக மாற்ற 2 லட்சம் ரூபாய் ஆகும் என்கிறார்கள். கையில் 50,000 ரூபாய் உள்ளது. மீதிக்கு நகைக்கடன் வாங்கலாமா, கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைப் பயன்படுத்தலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். இவை பெரும்பாலும் ஓராண்டுக்குள் அடைக்க வேண்டிய கடன்கள். நீங்கள் பதிக்கும் குழாயோ இருபது ஆண்டுகளாவது மண்ணுக்குள் உழைக்க வேண்டியது. கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கு வட்டியில்லை என்ற சலுகையும் கெடு தேதிக்குள் கட்டினால்தான் கிடைக்கும் என்பதால், அந்தப் பணத்தைக் குழாயில் முடக்கிவிட்டு அடுத்த ஆண்டு தவித்தால் சலுகையும் போய், பயிருக்கான கடனும் தடைப்படும்.

வங்கியில் ஐந்தாண்டுக்கால விவசாயத் தவணைக் கடன் கேளுங்கள். 1.5 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்குச் சுமார் 39,600 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். தேங்காய் வெட்டு வருமானத்துக்கேற்ப அரையாண்டுத் தவணையாகக் கேட்டு வாங்குவது நல்லது. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரையிலான விவசாயக் கடனுக்குப் பிணை தேவையில்லை.

ஆனால் அதற்கு முன், முழு நீளத்தையும் மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். 200 லிட்டர் டிரம் ஒன்று நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்பதை கிணற்றடியிலும், வழியிலுள்ள ஒவ்வொரு வால்விலும், கடைமடையிலும் குறித்துக்கொள்ளுங்கள். தூரத்தாலும் மேட்டாலும் நீர்வரத்து படிப்படியாகக் குறைவது இயல்பு. இரண்டு வால்வுகளுக்கிடையே திடீரென்று குறைந்தால் கசிவு அங்கேதான். அந்தப் பகுதியை மட்டும் இந்த ஆண்டு மாற்றினால் கடன் பாதியாகக்கூடக் குறையலாம். புதுக் குழாயால் மின்கட்டணம் மிச்சமாகும் என்று கடைக்காரர் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். விவசாய இலவச மின் இணைப்பில் உங்களுக்கு மிச்சமாவது தண்ணீரும் நேரமும்தான்.

மானியத்தைப் பொறுத்தவரை, 5 ஏக்கருக்குள் இருப்பதால் சிறு விவசாயி சான்று பெற்று வேளாண்மைத் துறையில் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு 100 சதவீத மானியம் கேட்கலாம். அதனுடன் சேர்த்து, நீர் கொண்டுசெல்லும் குழாய்க்கு ஹெக்டேருக்கு 10,000 ரூபாய் வரை உதவி உண்டு; உங்கள் நிலத்துக்கு அது சுமார் 16,000 ரூபாய்தான். ஒப்புதல் வருமுன் குழாயை வாங்கிவிடாதீர்கள். கையிலிருக்கும் 50,000 ரூபாயிலும் 20,000 ரூபாயைத் தொடாமல் வையுங்கள்; கோடையில் மோட்டார் காயில் எரிந்தால் கைகொடுக்கும்.