பவுனமுவும் பிள்ளையார் சுழியும்

கேள்வி: பையன் நியூசிலாந்துல இருக்கான், அங்க எனக்கு பேத்தி பொறந்திருக்கா. அந்த ஊரு பூர்வகுடி மாவோரிக்காரங்க கழுத்துல போடுற பச்சைக்கல்லுல அவளுக்கு ஒரு பிள்ளையார் டாலர் பண்ணணும்னு ஆசை. ஹோகிடிகாவுல ஒரு மாவோரி கார்வரை பையன் பிடிச்சுக் கொடுத்தான். கூகுள்ல இருந்து பத்து டிசைன் அனுப்பினேன், அந்த மனுஷன் அதைப் பத்தி வாயே திறக்கல. வீடியோ கால்ல உங்க ஊர்ல மலை எது, ஆறு எதுன்னு கேக்குறார். அட்வான்ஸ் வேற கொடுத்தாச்சு, ஏமாத்துறாரா?
- வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: ஏமாத்தலம்மா. மலையையும் ஆத்தையும் சொல்லித்தான் அவங்க தன்னையே அறிமுகப்படுத்திக்குவாங்க, நாம எந்த ஊரு, யார் வீட்டுப் பொண்ணுன்னு கேப்போமே அது மாதிரி. பரங்கிமலை, அடையாறுன்னு சொல்லுங்க (கூவத்தை விட்டுடுங்க).

அந்தக் கல்லு பேரு பவுனமு. நம்ம பவுனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, மரியாதை மட்டும் பவுனுக்கு மேல. தெற்குத் தீவுல ஙாய் தாஹுங்கிற மாவோரிக் குழுவோட பகுதியில கிடைக்கிற பவுனமு அவங்களுக்கே சொந்தம்னு 1997ல சட்டமே வந்தாச்சு. வெளிநாட்டுல இருந்து வர்ற ஜேடுங்கிற பச்சைக்கல்லை செதுக்கி விக்கிறவங்களும் அங்க உண்டு, அதனால உங்க கல்லு எங்க எடுத்ததுன்னு கேட்டுக்குங்க.

மாமல்லபுரத்துல கருங்கல்லை உளியால தட்டுற மாதிரி இதைத் தட்ட முடியாது. உள்ளுக்குள்ள நாரு நாரா பின்னிக் கிடக்கும், அதனால வைர பிளேடு வெச்சு தண்ணி விட்டுட்டே அறுத்து, தேய்ச்சுத் தேய்ச்சுதான் உருவம் வரும், அந்தக் காலத்துல மணற்கல்லுல தேய்ச்சே செஞ்சிருக்காங்கன்னா பொறுமையைப் பாருங்க. அடுத்த கால்ல கல்லை நனைச்சு, பின்னாடி டார்ச் அடிச்சுக் காட்டச் சொல்லுங்க. நிறமும் தெரியும், தலைமுடி கணக்கா விரிசல் ஓடினா அதுவும் தெரியும். அந்த விரிசல் மேல தும்பிக்கை வந்து உக்காந்தா என்ன ஆகும்? அதான் அவர் உங்க பத்து படத்தையும் கண்டுக்கல. கவகவான்னு ஒரு பச்சை ரகம் இருக்கு, அதே பேர்ல இருக்கிற செடி நம்ம வெத்தலைக்கு சொந்தக்காரன், இலையும் கிட்டத்தட்ட வெத்தலையேதான். கிடைக்குமான்னு கேட்டுப் பாருங்க.

கூகுள் படத்தை விட்டுட்டு, பிள்ளையார் சுழின்னா என்ன, எதை எழுதினாலும் ஏன் முதல்ல அதைப் போடுறோம்னு அவருக்குச் சொல்லுங்க. அவங்ககிட்ட கொருன்னு ஒரு வடிவம் உண்டு, பெரணிச் செடியோட இளங்குருத்து சுருண்டு கிடக்குமே அதேதான், புது உயிர், புது ஆரம்பம்னு அர்த்தம். உங்க சுழியும் அவரோட சுருளும் ரொம்ப தூரத்துல இல்லையே? ஒரு பேப்பர்ல பென்சிலால சுழியைப் போட்டுக் காட்டிட்டு மீதியை அவர் கையில விடுங்க. டிகின்னு அவங்க செதுக்குற மனுஷ உருவத்துல யானைத் தலையை ஒட்டச் சொல்லிடாதீங்க, அது அவங்க முன்னோர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ரேட், சைஸ், எப்ப முடியும், எல்லாத்தையும் மெசேஜ்ல வாங்கிடுங்க, இதுல கூச்சமே வேணாம். சவுகார்பேட்டையில மோதிரம் செய்யக் கொடுத்து வாய்ப்பேச்சோட விட்டு, சிவப்புக்கல் கேட்ட எனக்கு வெள்ளைக்கல் வந்துச்சு.

இன்னொண்ணு, குழந்தை கழுத்துல இப்பவே கட்டாதீங்க, கயிறு இறுக்கிடும். அவ வளர்ற வரைக்கும் உங்க மருமக போட்டுக்கட்டும்.