மூன்று மாத மழையும் ஓர் அறை வீடும்

கேள்வி: கொருக்குப்பேட்டையில் முதல் மாடியில், ஓர் அறையும் சமையலறையும் மட்டுமே உள்ள வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். மகனுக்கு 4 வயது, மகளுக்கு 2 வயது. கணவருக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை. ஐப்பசி பிறந்தால் மார்கழி வரை மழை, ஈரம், பள்ளி விடுமுறை என்று நாள்கள் நகரவே மாட்டேன் என்கின்றன. பிள்ளைகள் ஓயாமல் சண்டை போடுகிறார்கள். சமைக்கும் நேரத்திலாவது அமைதியாக இருக்கட்டும் என்று செல்போனைக் கொடுத்துவிடுகிறேன். பகலெல்லாம் கத்திவிட்டு, அவர்கள் தூங்கிய பிறகு அழுகிறேன். சின்னச் சின்ன மகிழ்ச்சிகளைத் தேடிக்கொள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். காய்ந்த துணி ஒன்றுகூட இல்லாத வீட்டில் அதை எங்கே போய்த் தேடுவது?

— ஒரு வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரி,

பகலில் கத்திவிட்டு இரவில் அழுகிற தாய்மார்கள் எத்தனையோ பேரின் கடிதங்களைப் படித்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூடப் பிள்ளைகள்மீது அன்பில்லாதவராக எனக்குத் தோன்றியதில்லை. நீங்களும் அப்படித்தான். நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்து, என் இரண்டு பிள்ளைகளையும் அங்கேயே ஒரு மாடி வீட்டில் வளர்த்தவள் என்பதால், நீங்கள் எழுதாமல் விட்டதும் எனக்குப் புரிகிறது.

மழை என்றதும் காகிதக் கப்பலையும் மண்வாசனையையும் பற்றிப் பேசுகிறவர்களுக்கு, பக்கிங்காம் கால்வாய் நிரம்பித் தெருவுக்குள் ஏறி வரும் தண்ணீரைப் பற்றித் தெரியாது. சாக்கடையும் மழைநீரும் ஒன்றாகக் கலந்து கணுக்கால் அளவுக்கு நிற்கும் தெருவில் பிள்ளையை இறக்கிவிட எந்தத் தாய்க்கும் மனம் வராது; இறக்கிவிடவும் கூடாது. எலிக்காய்ச்சல் பரவுவது அப்படிப்பட்ட தண்ணீரில்தான், தெருவோர மின்பெட்டிகளின் ஆபத்து வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் வடியாமல் நாள்கணக்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த குடும்பங்களுக்கு வானம் கறுத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. உங்கள் அலுப்புக்கு நியாயம் இருக்கிறது.

பிள்ளைகளின் சண்டைக்கும் நியாயம் இருக்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 1 முதல் 4 வயது வரையுள்ள குழந்தை ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடங்களாவது உடம்பை அசைத்து ஓடியாட வேண்டும். 3 வயது நிறைந்த குழந்தையாக இருந்தால், அதில் 60 நிமிடங்களாவது மூச்சு வாங்குகிற ஆட்டமாக இருக்க வேண்டும். அத்தனை ஓட்டத்தையும் ஓர் அறைக்குள் அடைத்து வைத்தால், அது தங்கையின் தலைமுடியைப் பிடித்து இழுப்பதில்தான் போய் முடியும். ஆகவே காலைப் பலகாரம் முடிந்ததும், அடுப்படியில் எது கிடந்தாலும் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, முதல் அரை மணி நேரத்தை அவர்களின் கால்களுக்குக் கொடுங்கள். தரையில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போட்டுக் கொடுக்கலாம்; தலையணைகளை வரிசையாகப் போட்டுத் தாண்டச் சொல்லலாம்; கையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் பத்து முறை ஏறி இறங்கலாம். கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அந்த அரை மணிச் சத்தத்தை அவர்களும் பொறுத்துக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு நாள் முழுவதும் ஏதாவது வேடிக்கை காட்டிக்கொண்டே இருப்பது தாயின் கடமை என்ற எண்ணம் நம் வீடுகளுக்குள் எப்படியோ புகுந்துவிட்டது. வேலையைவிட அந்த எண்ணம்தான் மழைக்காலத்தில் நம்மை அதிகமாகக் களைக்க வைக்கிறது என்பது என் அனுபவம். வேடிக்கை காட்டுவதை விட்டுவிட்டு, நீங்கள் செய்கிற வேலையில் அவர்களுக்கு ஒரு பங்கு கொடுங்கள். வெளியே பெய்கிற மழையிலும் ஒரு பங்கு கொடுங்கள். மகிழ்ச்சியைத் தேடி எங்கும் போக வேண்டியிருக்காது.

என் மூத்தவனுக்கு நான்கு வயது நடந்தபோது செய்ததை எழுதுகிறேன். அடியும் வாயும் ஒரே அகலத்தில், பக்கங்கள் நேராக நிற்கிற பழைய டின் ஒன்றை மொட்டை மாடியில், சுவரோ தண்ணீர்த் தொட்டியோ மறைக்காத இடத்தில், காற்றில் கவிழாதபடி இரண்டு செங்கற்களுக்கு நடுவே வைத்தோம். மறுநாள் காலை 8.30 மணிக்கு இருவரும் மாடி ஏறுவோம். வானிலை ஆய்வு மையமும் அந்த நேரத்தோடுதான் 24 மணி நேர மழையைக் கணக்கிடுகிறது என்று அவனிடம் சொல்லியிருந்ததால், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க விடமாட்டான். பூஜ்யம் நுனியிலேயே தொடங்கும் இரும்பு ஸ்கேலை டின்னுக்குள் நிறுத்தி எடுத்து, ஈரம் ஏறிய இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, விரல் நழுவிவிடுமோ என்ற கவலையில் படிப்படியாக உட்கார்ந்தே இறங்கி வருவான். அந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டரோ அதுதான் எங்கள் மாடியில் பெய்த மழை. பக்கங்கள் நேராக இருந்தால் போதும், டின் பெரியதா சிறியதா என்பது கணக்கில் வராது. எண் எழுதத் தெரியாத வயது அவனுக்கு. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில், தண்ணீர் நின்ற உயரத்துக்குப் பென்சிலால் ஒரு கோடு போடுவான். நுங்கம்பாக்கத்தில் 3 சென்டிமீட்டர் மழை என்று வானொலியில் சொன்ன ஒரு நாள் எங்கள் டின்னின் அடி மட்டும்தான் நனைந்திருந்தது. அந்த மழை ஏன் நம் வீட்டுக்கு வரவில்லை என்று அன்று முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தான்.

அளந்து முடித்ததும் தண்ணீரைக் கொட்டிவிடுவதும் அவனுடைய பொறுப்பாக இருந்தது. இது விளையாட்டில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடுகிறது. ஒரு வாரம் பத்து நாளில் அது பறக்கிற கொசுவாகிவிடும். பூந்தொட்டியின் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, உடைந்த வாளி என்று மாடியில் தண்ணீர் நிற்கும் எல்லாவற்றையும் கண்டுபிடித்துக் கவிழ்க்கிற வேலையை உங்கள் மகனிடம் ஒப்படையுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு உண்மையான வேலை ஒன்று கிடைப்பதில் இருக்கும் பெருமை, கடையில் வாங்கும் பொம்மையில் கிடைக்காது.

மாடிக்குப் போகிற நேரத்தைப் பற்றி ஒரு குறிப்பு. புயலோ தாழ்வு மண்டலமோ நேராக நம்மை நோக்கி வராத நாள்களில், வடகிழக்குப் பருவமழை நம் கரையோரத்தில் பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும் கொட்டித் தீர்த்துவிட்டு, நண்பகலுக்கு மேல் சற்று ஓய்வு கொடுக்கும். இரவில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் குளிர்ந்த காற்றும் கடலிலிருந்து வரும் வடகிழக்குக் காற்றும் கரையோரம் மோதிக்கொள்வது அதற்கு ஒரு காரணம். அந்த இடைவெளியில் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்துவிடாதீர்கள். பாத்திரம் மழையிலும் தேய்க்கலாம். இருவரையும் அழைத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். தட்டான்கள் தாழப் பறக்கும், சுவர் இடுக்கில் நத்தை ஏறிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் உட்காரக்கூடிய வயதுதான் உங்கள் மகளுக்கு. தரையில் பாசி வழுக்கும், கைப்பிடிச் சுவர் தாழ்வாகவும் இருக்கலாம் என்பதால் அவள் கையை மட்டும் விடாதீர்கள்.

தெருவில் தண்ணீர் இல்லாத நாளில், மாதத்துக்கு ஒருமுறையாவது மெட்ரோவில் போய் வாருங்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியில் பாதை திறந்த பிறகு, நம் பகுதிப் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கும் மழைக்கால வரம் அது. தண்டையார்பேட்டை வரை சுரங்கத்துக்குள் இருட்டில் ஓடுகிற வண்டி, அதற்குப் பிறகு சரிவில் ஏறி வெளிச்சத்துக்கு வரும்போது, கண்ணாடியில் மழை ஒரே நொடியில் வந்து அறையும். உங்கள் மகன் அந்த ஒரு நொடிக்காகத் திரும்பவும் போகலாம் என்பான். 90 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கீழே இருக்கும் குழந்தைக்குச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. சின்னவளுக்குச் செலவு இருக்காது.

கேரம் பலகை இரவல் கிடைத்தாலும் வாங்கி வையுங்கள். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றதை உங்கள் தெருவிலும் பேசியிருப்பார்கள். நான்கு வயதில் விதிமுறை எதுவும் வேண்டாம். காயைச் சுண்டிவிட்டு அது எங்கே போகிறது என்று பார்ப்பதே ஆட்டம்.

செல்போனைப் பற்றிய உங்கள் குற்ற உணர்ச்சியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நீங்களும் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் மேலே சொன்ன அதே வழிகாட்டுதல், 2 முதல் 4 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. கொதிக்கும் எண்ணெய் அடுப்பில் இருக்கிற அரை மணி நேரத்துக்குக் கொடுங்கள். தினமும் அதே நேரம், முடிந்ததும் அதே இடத்தில் போனை வைத்துவிட வேண்டும் என்று பழக்குங்கள். அழுகிறபோதெல்லாம் கொடுத்தால் அழுகைதான் வளரும். மற்ற வேலைகளுக்கு அவர்களையே பக்கத்தில் உட்கார வையுங்கள். பூண்டு உரிக்கட்டும், கீரை ஆயட்டும். அவித்த வேர்க்கடலையின் தோலைப் பிதுக்குவதில் என் இளையவளுக்கு ஒரு மணி நேரம் போவது தெரியாது. ஆனால் 2 வயதுக் குழந்தைக்குக் கடலையை முழுதாகக் கொடுத்தால் மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் என்பதால், உரிக்கும்போது பக்கத்திலேயே இருங்கள், நன்றாக மசித்தே கொடுங்கள்.

இடிக்குப் பயந்து மகன் அழுதால், மடியில் வைத்துக்கொண்டு மின்னலுக்கும் இடிக்கும் நடுவே ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். மூன்று வினாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம். ஒன்பது வரை எண்ணினால் இடி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது, ஏறக்குறைய பெரம்பூர்ப் பக்கம் என்று சொல்லலாம். எண்ணிக்கை கூடக் கூட அது நம்மைவிட்டுப் போகிறது என்று அவனே தெரிந்துகொள்வான். மின்சாரம் போன இரவில் ஓர் அகல் விளக்கைக் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துச் சுவரில் நிழல் காட்டினால், வெளிச்சம் திரும்பி வந்ததும் முதலில் வருத்தப்படுவது பிள்ளைகளாகத்தான் இருக்கும். கார்த்திகைக்கு முந்தைய வாரமே அகல்களைக் கழுவிக் காய வைக்கும் வேலையையும் அவர்களுக்குக் கொடுங்கள். பொரி உருண்டை பிடிப்பது எப்படியும் நடக்கும்.

இனி உங்களைப் பற்றி. கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கி எழுந்ததும் அரை மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். "முடிந்தால் பாருங்கள்" என்று கேட்காமல், எந்த நாள், எந்த நேரம் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் சமையலறைக்குப் போகாமல், டீயை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் தனியாக உட்காருங்கள். நான் பல மழைக்காலங்களைக் கடந்தது அந்தப் படியில் உட்கார்ந்துதான். ஆனால் தினமும் அழுகை வருகிறது, தூக்கம் இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அதை மழையின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. அல்லது அருகில் உள்ள மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரிடம் சொல்லுங்கள். காய்ச்சலுக்குப் போவதைப் போல இதற்கும் போகலாம்.

கடைசியாக, அந்தக் காயாத துணி. பிழிந்த துணியை அப்படியே கொடியில் போட்டால் இரண்டு நாளானாலும் ஈரவாடை போகாது. உலர்ந்த பெரிய துண்டு ஒன்றைத் தரையில் விரித்து, அதன்மேல் பிள்ளைகளின் சட்டைகளையும் கால்சட்டைகளையும் பரப்பி, பாயைப் போல இறுக்கிச் சுருட்டுங்கள். பிறகு இருவரையும் அந்தச் சுருட்டின்மேல் ஏற்றிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு மிதிக்கச் சொல்லுங்கள். துணியில் இருக்கும் தண்ணீர் பெருமளவு துண்டுக்குள் இறங்கிவிடும். அதன் பிறகு ஃபேனுக்கு நேரே, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் இடைவெளி விட்டுக் காயப் போட்டால் மறுநாள் உடுத்தலாம். ஐந்து நிமிடம் மிதித்தால் போதும். உங்கள் பிள்ளைகள் இன்னும் மிதிக்கிறோம் என்பார்கள், மிதிக்கட்டும்.