ஹெர்மோசோ பார்சிலோனாவில் இரண்டு முறையா?

நண்பரே, ஸ்பெயின் கால்பந்து வீராங்கனை ஜெனிபர் ஹெர்மோசோவின் கிளப் பட்டியலில் பார்சிலோனா இரண்டு முறை வருகிறதே, அச்சுப்பிழையா என்று கேட்டிருந்தீர்கள். பிழையில்லை, இரண்டையும் அப்படியே விடுங்கள். 2014 முதல் 2017 வரை ஒரு முறை. அப்புறம் பாரிஸில் ஒரு பருவம். அடுத்து, தான் வளர்ந்த அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்கே திரும்பி, 2018-19இல் 24 கோல் அடித்து லீக் பட்டமும் வாங்கினார். அதன் பிறகுதான் மறுபடி பார்சிலோனா. ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் 2021 கோப்பை அப்போது கிடைத்தது. 2022இல் மெக்சிகோவின் பச்சூகா கிளப்புக்குப் போனார்.

2023 மகளிர் உலகக் கோப்பை இறுதியில் அவர் கோல் அடித்ததாக எழுதிவிடாதீர்கள். அவர் அடித்த பெனால்டியை இங்கிலாந்தின் கோல்கீப்பர் மேரி ஏர்ப்ஸ் தடுத்துவிட்டார். ஸ்பெயினின் ஒரே கோல் ஓல்கா கர்மோனாவுடையது. பலர் இதில்தான் சறுக்குகிறார்கள்.