ஸ்கிரீடு ஓட்டியும் தளத்தில் குட்டை நிற்பது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

எங்கள் மண்டபம் ஊரில் கருவாடு காயப்போட 40 அடிக்கு 24 அடியில், 6 அங்குல கனத்தில் கான்கிரீட் களம் போட்டோம். வைப்ரேட்டர் ஸ்கிரீடு (அதிர்ந்தபடியே கலவையை மட்டம் செய்யும் பலகை மிஷின்) வாடகைக்கு எடுத்துத்தான் மட்டம் செய்தோம். ஆனாலும் கழுவிவிட்டால் நாலைந்து இடத்தில் தண்ணீர் நிற்கிறது. மூன்றே மாதத்தில் மேலே மாவாக உதிர்கிறது. மிஷினில் கோளாறா?
– வாசகர், மண்டபம்

மிஷினைச் சந்தேகப்படுவதற்கு முன் கலவையைச் சந்தேகப்படுங்கள். கையால் மட்டப்பலகை இழுத்துப் பழகிய ஆட்களுக்குக் கலவை இளகலாக இருந்தால்தான் வேலை ஓடும். மிஷின் வந்த பிறகும் அதே பழக்கத்தில் ஒரு வாளி கூடுதலாக ஊற்றிவிடுகிறார்கள். ஸ்கிரீடுக்கு அது ஆகாது. கெட்டிக் கலவையை அதிர்வால் இளக்குவதுதான் அதன் வேலையே. ஸ்லம்ப் (கலவை எவ்வளவு இளகல் என்று காட்டும் அளவு) 75 முதல் 100 மி.மீ. போதும். தண்ணீர் மிஞ்சிய கலவையை அதிர வைத்தால் ஜல்லி அடியில் இறங்கும், சிமெண்ட் பாலும் பொடி மணலும் மேலே வரும். பலகை ஓடிய இடத்தைக் குனிந்து பாருங்கள். சாம்பல் நிறத்தில் பளபளவென்று பால் திரண்டு, விரலால் தேய்த்தால் ஜல்லி தட்டுப்படாமல் வழவழவென்று போகிறதா? பிறகு மாவாக உதிர்வது அந்தப் படலம்தான்.

குட்டைக்கு முதல் காரணம், பலகை உட்கார்ந்து ஓடும் ஓரச் சட்டம். ஸ்கிரீடுக்குத் தானாக மட்டம் தெரியாது. பக்கத்துச் சட்டம் எப்படி இருக்கிறதோ அப்படியே தளமும் வரும். உங்கள் பக்கம் கடல் மணல் தரை. ஒரு அடி முளை அடித்தால் அதிர்வில் இறங்கிவிடும். 6 அங்குல இரும்புச் சேனலை வைத்து, மூன்று அடிக்கு ஒரு முளை வீதம் இரண்டு அடி ஆழம் அடியுங்கள். அடித்தரையை முன்கூட்டியே நனைத்து பிளேட் காம்பாக்டர் (தரையை இடித்து இறுக்கும் மிஷின்) ஓட்டியிருக்க வேண்டும்.

24 அடி அகலத்தை ஒரே வீச்சில் இழுக்க நினைக்காதீர்கள். மூன்று 8 அடிப் பட்டைகளாகப் பிரித்து, 10 அடிப் பலகை வைத்தால் இருபுறமும் ஓரடி சட்டத்தின் மேல் உட்காரும். முதலில் இரண்டு ஓரப் பட்டைகள். மூன்று நாள் கழித்து அவற்றின் விளிம்பையே சட்டமாகக் கொண்டு நடுப்பட்டை. கருவாட்டுக் களத்துக்குத் தண்ணீர் வடியும் வாட்டம் (சரிவு) அவசியம். 8 அடிக்கு ஓரங்குலம் இறக்கினால் 24 அடிக்கு மூன்று அங்குலம் கிடைக்கும். ஒவ்வொரு சட்டத்தையும் டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்துப் பாருங்கள். ரசமட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

கலவையைச் சட்டத்துக்கு அரை அங்குலம் மேலாகப் பரப்பி இழுங்கள். பலகைக்கு முன்னால் இந்த முனை முதல் அந்த முனை வரை ஒன்றிரண்டு அங்குல உயரத்தில் கலவை உருண்டுகொண்டே வர வேண்டும். எங்கே அந்த உருளல் அறுகிறதோ அங்கேதான் நாளைய குட்டை. உடனே மண்வெட்டியால் அள்ளிப் போட ஒரு ஆள் கூடவே வரட்டும். குவியல் அதிகமானால் பலகை ஏறிக்கொள்ளும், மேடு விழும். நிமிடத்துக்கு நாலைந்து அடி சீராகப் பின்னால் நடங்கள். நின்றால் ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுங்கள். ஒரே இடத்தில் அதிர்ந்தால் பலகை புதைந்து பள்ளம் விழும், பாலும் மேலே வரும்.

இப்போதிருக்கும் களத்தை ஆணியால் கீறிப் பாருங்கள். மேலோட்டமாக மட்டும் உதிர்ந்தால் தேய்த்துக் கழுவி, சிலிகேட் ஹார்டனர் (மேற்பரப்பை இறுக்கும் திரவம்) அடித்தால் இறுகும். ஆணி மூன்று, நான்கு மி.மீ. இறங்கினால் அந்தப் படலத்தைச் செதுக்கி எடுக்காமல் மேலே எதைப் பூசினாலும் உரிந்துவிடும்.

பாம்பனில் கச்சான் காற்று வீசும் நாட்களில், மட்டம் செய்து ஒரு மணி நேரத்துக்குள் தலைமுடி போல விரிசல் விடுகிறது. சிமெண்ட் தூவித் தேய்த்தால் போதுமா?
– கட்டட மேஸ்திரி, பாம்பன்

வேண்டவே வேண்டாம். அடியிலிருந்து ஊறி வரும் தண்ணீரைவிட வேகமாகக் காற்று உறிஞ்சுவதால் வரும் விரிசல் இது. ஒரு சதுர மீட்டரில் மணிக்கு ஒரு கிலோவுக்கு மேல் நீர் ஆவியானால் ஆபத்து என்பது கணக்கு. வெயிலும் காற்றும் சேர்ந்தால் பாம்பனில் அதை எட்டுவது கஷ்டமில்லை. காற்று வரும் பக்கம் ஆளுயரத்துக்குப் பனையோலைத் தட்டி கட்டுங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கலவை போடுங்கள். ஸ்கிரீடு ஓடிய பகுதியை உடனுக்குடன் பாலித்தீன் தாளால் மூடி, மணியாசுக் கட்டை (மேலே தேய்க்கும் கட்டை) போடும்போது மட்டும் திறங்கள். விரிசல் வந்துவிட்டால், கலவை இளகலாக இருக்கும்போதே கட்டையால் அழுத்தி மூடலாம். சிமெண்ட் தூவினால் மெல்லிய ஓடு போலப் பெயரும். தண்ணீர் தெளித்துத் தேய்த்தாலும் அதே கதிதான்.

இரண்டாம், மூன்றாம் நாள் குறுக்கே ஓடும் விரிசல் வேறு. அது வராமலிருக்க, தளத்தில் முன்கூட்டியே கட்டரால் வெட்டு போட வேண்டும். 6 அங்குலத் தளமென்றால் 10 அடிக்கு ஒன்று, ஒன்றரை அங்குல ஆழம். கட்டர் ஓடும்போது ஜல்லி பெயராத அளவுக்கு இறுகியதும், அநேகமாக அன்றிரவே வெட்டிவிடுங்கள்.

படகு ஏற்றும் இடத்தில் 12 அங்குலத் தளம். ஸ்கிரீடு மட்டும் போதுமா?
– வாசகர், தொண்டி

போதாது. லேசான ஸ்கிரீடின் அதிர்வு ஐந்தாறு அங்குலத்துக்குக் கீழே சரியாக எட்டாது. முதலில் நீடிலை (கலவைக்குள் விட்டு அதிர வைக்கும் குழல்) நட்டுக்குத்தாக, ஓரடிக்குச் சற்று மேல் இடைவெளியில் இறக்கி, குமிழி வருவது அடங்கியதும் மெதுவாக உருவுங்கள். அதன்பிறகு ஸ்கிரீடு.

போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. கலவைக்கு வேண்டாம் சரி, நனைக்கவாவது பயன்படுத்தலாமா?
– வாசகர், ஏர்வாடி

கம்பி கட்டிய தளமென்றால் கூடாது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-ன்படி, கம்பி உள்ள கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைதான். கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு 2000. கடல் நீரில் ஏறக்குறைய 19,000 இருக்கும். நாக்கில் வைத்து இந்தக் கணக்கைச் சொல்ல முடியாது, பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். உப்பு நீரால் நனைத்தால் குளோரைடு மேலிருந்து ஊறி இறங்கிக் கம்பியை அரிக்கும். டேங்கர் தண்ணீர் செலவுதான். பாத்தி கட்டி நிறுத்தாமல், ஈரச்சாக்கு விரித்து மேலே பாலித்தீன் மூடினால் பாதித் தண்ணீரில் முடிக்கலாம். பி.பி.சி. (சாம்பல் போன்றவை கலந்த) சிமெண்டுக்குப் பத்து நாள் நனைப்பது கட்டாயம், பதினான்கு நாள் நல்லது. ஸ்கிரீடுப் பலகையையும் வேலை முடிந்த கையோடு நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். உப்பும் சிமெண்டும் அப்பிக் காய்ந்தால் அலுமினியம் பொத்தலாகும். அந்தப் பலகை அடுத்த தளத்தில் கோடு கோடாக இழுக்கும்.