“இதில் மாடல் எங்கே?”

அன்புள்ள ஐயா,

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள், கோடையில் நாற்பது நாட்கள், ஒரு புதுப் பானையிலும் ஒரு பழைய பானையிலும் இருந்த நீரின் வெப்பநிலையை அளந்து, அந்த ஆய்வை அறிவியல் கண்காட்சிப் போட்டிக்குக் கொண்டுசென்றாள். புதுப் பானைதான் அதிகம் குளிர்விக்கும் என்று நினைத்திருந்தாள். அரை டிகிரி வித்தியாசம்கூட இல்லை. ஆனால் மேற்கிலிருந்து மேல்காற்று வீசிய நாட்களில் இரண்டும் நன்றாகக் குளிர்ந்தன, கடற்காற்று நாட்களில் அவ்வளவாகக் குளிரவில்லை. நடுவர் “இதில் மாடல் எங்கே?” என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். கடையில் வாங்கிய உதிரிகளைப் பொருத்திய தானியங்கிப் பாசன மாதிரிக்கு முதல் பரிசு. அறிக்கையைத் தட்டச்சு செய்து, வரைபடங்களையும் போட்டுக்கொடுத்த எனக்கே மனம் விட்டுப்போயிற்று. அடுத்த ஆண்டு நானும் அப்படி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடலாமா?

ஒரு தந்தை, நாகப்பட்டினம் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

வாங்கிக் கொடுக்க வேண்டாம். அந்த நடுவர் கேட்டது பொருட்காட்சிக்கு உரிய கேள்வி. உங்கள் மகள் கொண்டுசென்றதோ ஓர் ஆய்வு. இவ்விரண்டையும் ஒரே கூடத்தில் ஒரே மதிப்பெண் தாளால் அளப்பதுதான் நம் பள்ளிப் போட்டிகளின் பழைய கோளாறு. 1993-இல் நாடு தழுவித் தொடங்கிய தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு இதை உணர்ந்தே, 10 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகள் தம் ஊரின் ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, தம் தாய்மொழியிலேயே ஆராய்ந்து, நாட்குறிப்போடு வந்து பேச வேண்டும் என்று வைத்தது. 1950-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் தொடங்கி, இன்று ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் பல நாடுகளிலிருந்தும் வந்து பங்குபெறும் ஐசெஃப் (ISEF) என்ற சர்வதேச அறிவியல், பொறியியல் போட்டியிலோ, காட்சி மேசையில் மண், தண்ணீர், செடி எதையும் வைக்கவே விதிகள் அனுமதிப்பதில்லை. பரிசு பெற்ற அந்தப் பாசன மாதிரியை அங்கே ஈர மண்ணோடு இயக்கிக் காட்டியிருக்க முடியாது. எப்படிச் சோதித்தாய், என்ன கிடைத்தது என்ற கேள்விகளுக்குத்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

இனி உங்கள் மகளின் ஆய்வுக்கு வருகிறேன். அதைப் பற்றிப் பேசத்தான் எனக்கு ஆசை. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துச்செல்கிறது. ஆனால் இந்தக் குளிர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு: ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்குக் கீழே பானை நீர் இறங்காது. காற்று 38 டிகிரியும் ஈரப்பதம் 30 சதவீதமுமாக இருக்கும் நாளில் அந்த எல்லை ஏறக்குறைய 24 டிகிரி. 34 டிகிரியும் 70 சதவீதமுமாக இருந்தால் ஏறக்குறைய 29. வெயில் குறைந்த நாளில்தான் தண்ணீர் சூடாக இருக்கிறது! வறண்ட மேல்காற்றுக்கும் ஈரமான கடற்காற்றுக்கும் இடையே அவள் கண்ட வேறுபாடு இதுதான். தேடிப்போனது கிடைக்காமல், தேடாத ஒன்று கிடைத்திருக்கிறது. இதைத் தோல்வி என்று அவளிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது.

குறையும் இருக்கிறது. ஒரு புதுப் பானை, ஒரு பழைய பானை என்று வைத்தால், தெரிவது பழமையின் விளைவா, அந்த ஒரு பானையின் மண்ணும் சூளையும் செய்த விளைவா என்று பிரிக்க முடியாது. வகைக்கு மூன்று பானைகளாவது வேண்டும், அவையும் ஒரே குயவரிடம் வாங்கியவையாக, ஒரே அளவினவாக இருக்க வேண்டும். காற்றின் ஈரப்பதத்தை அவள் அளக்கவே இல்லை என்று ஊகிக்கிறேன். நடுவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

உங்களைப் பற்றியும் ஒன்று. அறிக்கையை நீங்கள் தட்டச்சு செய்ததில் தவறில்லை, வரைபடங்களை நீங்கள் போட்டதில் இருக்கிறது. நாற்பது புள்ளிகளைத் தன் கையால் கட்டத்தாளில் குறிக்கும்போதுதான், எந்த நாள் வரிசையிலிருந்து விலகி நிற்கிறது என்று அவள் கண்ணுக்குப் படும்.

அடுத்த ஆனி மாதத்து மேல்காற்றுக்குள் ஆறு பானைகளையும் இரண்டு வெப்பமானிகளையும் வாங்கிவையுங்கள். ஈரப்பதத்தை அறிய, ஒரு வெப்பமானியின் குமிழில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, அதன் நுனி எப்போதும் தண்ணீரில் தோய்ந்திருக்கும்படி வைத்தால் போதும். முதல் பத்து நாட்களின் அளவுகளை அவள் எனக்கு எழுதட்டும்.