மீன் தொட்டியும் தண்ணீரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளுள் மருந்து கேட்டு எழுதியவையே அதிகம். அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தபோது, மருந்துக்கு முன்னர் தண்ணீரைப் பற்றிப் பேசவேண்டியிருப்பது தெரிந்தது. ஆகவே அத்தகைய கேள்விகளையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை தோறும் தொட்டித் தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டு, கற்களையும் பில்ரர் பஞ்சையும் குழாயில் நன்றாகக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்புகிறேன். இவ்வளவு சுத்தமாக வைத்திருந்தும், செவ்வாய், புதனில் இரண்டொரு மீன் செத்து மிதக்கிறது. காரணம் என்ன? (வாசகி, பாலையூற்று)

பதில்: நீங்கள் அக்கறையோடு செய்யும் வேலையே மீன்களுக்குப் பகையாகியிருக்கிறது என்று எழுத வருத்தமாக இருக்கிறது. மீனின் செவுளிலிருந்தும், அதன் கழிவும் எஞ்சிய தீனியும் அழுகுவதாலும் தண்ணீரில் அமோனியா சேர்கிறது. பஞ்சிலும் கற்களின் மேலும் குடியேறும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும், இன்னொரு வகையானவை அந்த நைத்திரைற்றைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இவை போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். நீங்களோ வாரந்தோறும் அவற்றைக் குளோரின் கலந்த நீரில் கழுவிப் போக்கிவிட்டு, மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்குகிறீர்கள். தண்ணீரின் காரத்தன்மையும் இதில் சேர்ந்துகொள்கிறது. 25 பாகை வெப்பத்தில், அந்தக் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7 ஆக இருக்கும்போது மொத்த அமோனியாவில் நஞ்சாக இருப்பது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, பி.எச். 8 ஆனால் அது நூற்றுக்கு ஐந்தைத் தாண்டும். வெப்பம் ஏற ஏற இன்னும் கூடும்.

இனிமேல் வாரத்துக்குக் கால்வாசித் தண்ணீரை மட்டும், கற்களுக்கிடையே ரியூப்பை ஓட்டி அழுக்கோடு சேர்த்து எடுங்கள். எடுத்த அதே தண்ணீரில் பஞ்சை இரண்டு தடவை பிழிந்தால் போதும். பஞ்சின் பழுப்பு நிறம் போகவேண்டியதில்லை. அந்தப் பழுப்பில்தான் உங்கள் தொட்டியின் உயிர் இருக்கிறது. தொடக்கத்தில் நானும் பஞ்சு வெளுக்கும்வரை கழுவி, ஒரே வாரத்தில் பதினொரு ஏஞ்சல் மீன்களை இழந்திருக்கிறேன்.

குழாய்நீரைப் பீப்பாயில் ஒரு நாள் திறந்துவைத்தால் குளோரின் வெளியேறிவிடும். காற்றுக்குழாய் போட்டால் இன்னும் விரைவாகப் போகும். ஆனால் பீப்பாயின் வாயை நெருக்கமான வலைத்துணியால் இழுத்துக் கட்டுங்கள். தேங்கி நிற்கும் தெளிந்த நீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். முட்டை நுளம்பாவதற்கு ஏழெட்டு நாட்களே போதும்.

கேள்வி: எனது ஏஞ்சல் சோடி நான்கு முறை முட்டையிட்டுவிட்டது. ஒவ்வொரு முறையும் இரண்டாம் நாளே முட்டைகள் வெளுத்துப் பூஞ்சணம் பிடித்துவிடுகின்றன. கிணற்றுநீரைப் பயன்படுத்துகிறேன். தொட்டியில் கடற்கரையில் பொறுக்கிய வெள்ளைக் கற்களும் உள்ளன. (வாசகர், நிலாவெளி)

பதில்: முதலில் அது உண்மையில் சோடிதானா என்று பாருங்கள். ஆண் இல்லாத இடத்தில் இரண்டு பெண் ஏஞ்சல்கள் சோடி சேர்ந்து, முறைப்படி இலையைச் சுத்தம் செய்து முட்டையும் இட்டுவிடும்; அவை பொரிக்கமாட்டா. முட்டையிடும் நேரத்தில் வயிற்றின் அடியில் நீளும் சிறு குழாயைக் கவனியுங்கள். ஆணுக்கு அது ஒடுங்கிக் கூராக இருக்கும். பெண்ணுக்கு அகன்று மொட்டையாக இருக்கும்.

சோடி சரியென்றால், அடுத்தது கற்கள். ஒன்றை எடுத்துக் காயவைத்து, அதன்மேல் இரண்டு துளி வினாகிரி விடுங்கள். சிறுகுமிழிகள் சீறி எழுந்தால் அது முருகைக்கல். அதிலுள்ள கல்சியம் காபனேற்று நாளுக்கு நாள் கரைந்து, தண்ணீரின் வன்மையையும் காரத்தன்மையையும் உயர்த்திக்கொண்டே இருக்கும். ஏஞ்சல் அமேசன் ஆற்றுப் படுகையின் மென்னீரில் வாழ்ந்த இனம். பெரிய மீன் வன்னீருக்குப் பழகிக்கொள்ளும், கொழுக்கவும் செய்யும். முட்டை கருக்கட்டுவதுதான் கெட்டுப்போகும். கற்களைக் கரையிலேயே கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள். 2003 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவு உங்கள் கரைக்கு எதிரே இருக்கையில், முருகைக்கல்லை வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கமே நமக்கு வேண்டாம்.

கிணற்றைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கச்சான் காற்று வீசி முடியும் காலத்தில் கிணறு வற்றி உப்பும் சுண்ணாம்பும் செறிந்திருக்கும். மாரி பெய்து ஊற்று ஏறியபின் அதே கிணறு வேறு தண்ணீரைத் தரும். புரட்டாதியில் பொரிக்காத முட்டை மார்கழியில் பொரிப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஆகவே மழைநீரைச் சேமியுங்கள். முதல் அரை மணி நேர மழை கூரையைக் கழுவிப் போகட்டும். பிறகு பிடித்த நீரைக் கிணற்றுநீரோடு பாதிக்குப் பாதி கலந்து, மூன்று நான்கு வாரங்களில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். தனி மழைநீர் ஆகாது. தாங்குவதற்குக் காபனேற்று இல்லாததால் பி.எச். திடீரென்று விழுந்துவிடும்.

முட்டை நன்றாக இருந்தால் அது தேன் நிறத்தில் கண்ணாடிபோலத் தெரியும். இரண்டு மூன்று நாட்களில் ஒவ்வொரு முட்டையிலிருந்தும் நூலிழை போன்ற வால் வெளிப்பட்டுத் துடிக்கத் தொடங்கும். அந்தத் துடிப்பைக் கண்டபின் டோர்ச் அடித்துப் பார்ப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். வெருண்ட தாய்மீன் அத்தனையையும் விழுங்கிவிடும்.

கேள்வி: பைற்றர் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் பொரிக்கின்றன. ஐந்தாறு நாட்களில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. முட்டை மஞ்சட்கருவைக் கரைத்துக் கொடுக்கிறேன். (மாணவர், கிண்ணியா)

பதில்: குஞ்சுகள் பசியால் சாகின்றன; மஞ்சட்கரு அழுகித் தண்ணீரையும் கெடுக்கிறது. பொரித்து இரண்டு மூன்று நாட்கள் அவை வயிற்றிலுள்ள கருவுணவில் வாழும். கிடையாக நீந்தத் தொடங்கியதும் உயிருள்ள, மிக நுண்ணிய இரை வேண்டும். சோடியைச் சேர்ப்பதற்கு ஒரு வாரம் முன்பே, ஒரு போத்தலில் பழைய தொட்டித் தண்ணீரை விட்டு, காய்ந்த வாழையிலைத் துண்டொன்றைப் போட்டு நிழலில் வையுங்கள். முதலில் கலங்கி, பின் தெளிந்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தூசி அசைவதுபோல் தெரியும்போது இரை தயார். நாளுக்கு இரண்டு மூன்று தடவை சிறிது சிறிதாக விடுங்கள்.

நான்கைந்து நாட்களின் பின் ஆட்டீமியா எனும் நுண்ணிய உப்புநீர் இறாலின் குஞ்சுகளைக் கொடுக்கலாம். இதற்கு உப்புக் கரைசல் தயாரிக்க நம்மவர் சிரமப்படத் தேவையில்லை. கரையிலிருந்து சற்று விலகிய தெளிந்த கடல்நீரைத் துணியில் வடித்து, ஆட்டீமியா முட்டையைப் போட்டுக் காற்றுக்குழாயைப் பலமாக ஓடவிட்டால், 28 பாகை அளவில் ஒரு நாளில் பொரித்துவிடும். குஞ்சுகளுக்குக் கொடுக்குமுன் நன்னீரில் அலசுங்கள்.

மூன்று நான்கு வார வயதில் குஞ்சுகள் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கப் பழகும். வாடைக்காற்று நேரே படாதவாறு அக்காலத்தில் தொட்டியை மூடிவையுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டருகே வயல் வாய்க்காலில் நல்ல தெளிந்த நீர் ஓடுகிறது. தொட்டிக்கு எடுக்கலாமா? (வாசகர், தம்பலகாமம்)

பதில்: வேண்டாம். பூச்சிகொல்லி தெளித்த வயலிலிருந்து வடிந்த நீரும் தெளிவாகத்தான் இருக்கும்.

கேள்வி: இரவில் நெடுநேரம் மின்சாரம் நின்றால் என்ன செய்வது? (வாசகி, மூதூர்)

பதில்: வெப்பம் கூடிய நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும்: 25 பாகையில் இலீற்றருக்கு 8.3 மில்லிகிராம் அளவு கொள்ளும் நன்னீர், 30 பாகையில் 7.6 மட்டுமே கொள்ளும். எனவே மூடியைத் திறந்து, ஒரு சாடியால் தண்ணீரை மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள், தீனி போடாதீர்கள். 2022 மின்வெட்டுக் காலத்தில் பற்றரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்ப் ஒன்று எனது தாய்மீன்கள் அனைத்தையும் காப்பாற்றியது. மின்சாரம் வந்ததும் மூடிய பெட்டி பில்ரரை உடனே ஓடவிடாதீர்கள். பல மணிநேரம் காற்றின்றி அழுகிய நீர் அதனுள் இருக்கும். அதை வெளியே கொட்டிவிட்டு ஓடவிடுங்கள்.

கேள்வி: ராங்க் கிளீனர் மீன் ஒன்றரை அடி வளர்ந்துவிட்டது. கந்தளாய்க் குளத்தில் விட்டுவிடலாமா? (வாசகர், கந்தளாய்)

பதில்: எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்த இனம் இப்படி விடப்பட்டே நம் நாட்டு நீர்நிலைகளில் பெருகியிருக்கிறது. உடல் முழுவதும் எலும்புத் தகடு இருப்பதால் அதை இரையாக்கும் மீன்கள் இங்கே குறைவு. வலையில் மாட்டினால் மீனவரின் வலையையும் கிழித்துவிடும். பெரிய சீமெந்துத் தொட்டி வைத்திருக்கும் வளர்ப்பாளர் ஒருவரிடம் கேளுங்கள், அல்லது வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுங்கள். கொண்டுபோகும்போது வலையால் பிடிக்காமல், வாளியைத் தொட்டிக்குள் அமிழ்த்தி அதற்குள் ஓட்டுங்கள். செட்டை முட்கள் வலையில் சிக்கினால் எடுப்பது கடினம்.