கூகுள் தேடல் ஒரு கட்சிக்குச் சாதகமாக வேலை செய்கிறதா? நடுநிலை என்று அவர்கள் சொல்வதை நம்பலாமா?

இது இரண்டு கேள்வி. கட்சிக்காக வேலை செய்கிறதா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடுநிலையா என்றால், அதுவும் இல்லை. குழப்புகிறேன் என்று நினைக்காதீர்கள், சொல்கிறேன்.

நான் கோவையில் ஒரு சின்ன அலுவலகத்தில் எஸ்இஓ வேலை பார்க்கிறேன், அதாவது வாடிக்கையாளரின் தளத்தை கூகுளின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவரும் வேலை. சில வருடங்களுக்கு முன் உள்ளூர் அரசியல்வாதி ஒருவரின் ஆள் வந்தார். அண்ணன் பெயரைத் தட்டினால் பழைய நில வழக்குச் செய்திதான் முதலில் வருகிறது, அதைத் தூக்கிவிட முடியுமா என்றார். தூக்க முடியாது, கீழே தள்ளலாம் என்றோம். அண்ணன் ரத்ததானம் செய்தது, கண் சிகிச்சை முகாமைத் தொடங்கி வைத்தது, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தது என்று பக்கம் பக்கமாக எழுதி, அவர் பெயரில் ஒரு தளம், ஒரு யூடியூப் சேனல் எல்லாம் போட்டு, நாலு மாதத்தில் அந்தச் செய்தியை இரண்டாம் பக்கத்துக்கு அனுப்பிவிட்டோம். இரண்டாம் பக்கத்தை யார் பார்க்கிறார்கள்? இதில் கூகுள்காரர்கள் யாரும் எந்தப் பொத்தானையும் அமுக்கவில்லை. (பெருமைக்குச் சொல்லவில்லை, சம்பளம் வந்தது.)

இதே வேலையை அமெரிக்காவில் காசு வாங்காமலே செய்திருக்கிறார்கள். 2003-ல் ‘மிசரபிள் ஃபெயிலியர்’, அதாவது படுதோல்வி, என்று தேடினால் அன்றைய அதிபர் ஜார்ஜ் புஷ்ஷைப் பற்றிய வெள்ளை மாளிகைப் பக்கம் முதலில் வந்து நின்றது. வலைப்பதிவர்கள் பலர் அந்த இரண்டு சொல்லிலிருந்து அந்தப் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்துக்கொண்டே இருந்ததுதான் காரணம். முடிவுகளைக் கையால் திருத்த மாட்டோம் என்று சொல்லிக்கொண்டிருந்த கூகுள், 2007 ஜனவரியில்தான் அல்காரிதத்தை மாற்றி அதைச் சரிசெய்தது. அப்போது பாதிக்கப்பட்டது குடியரசுக் கட்சி அதிபர். இன்னொரு முறையும் அதே கட்சிதான்: 2018 ஆகஸ்டில், ‘டிரம்ப் நியூஸ்’ என்று தேடினால் தனக்கு எதிரான ஊடகங்களே வருகின்றன என்று டிரம்ப் ட்விட்டரில் பொங்கினார். அந்த டிசம்பரில் கூகுள் தலைவர் சுந்தர் பிச்சை அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் உட்கார வேண்டி வந்தது. ‘இடியட்’ என்று படம் தேடினால் டிரம்ப் வருவது எப்படி என்று குழு உறுப்பினர் ஸோ லோஃப்கிரென் கேட்க, பொருத்தம், புதுமை, எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று 200-க்கும் மேற்பட்ட குறிகளை வைத்து வரிசைப்படுத்துகிறோம் என்று பொறுமையாக விளக்கினார். அதே கூட்டத்தில் ஓர் உறுப்பினர் தன் பேத்தியின் ஐஃபோனைப் பற்றிக் குறைப்பட, ஐஃபோன் வேறு கம்பெனியுடையது என்று சொல்ல வேண்டிய நிலையும் பிச்சைக்கு வந்தது. விசாரிக்கிறவர்கள் லட்சணம் அப்படி.

சரி, கூகுள் சுத்தம் என்றா சொல்கிறேன்? இல்லை. டிரம்ப் வென்ற 2016 தேர்தலுக்குப் பின் கூகுளில் நடந்த ஊழியர் கூட்டத்தின் வீடியோ கசிந்தபோது, கூகுளைத் தொடங்கியவர்களில் ஒருவரான செர்கே பிரின் அந்த முடிவு தன்னைப் புண்படுத்தியது என்று பேசுவதை எல்லோரும் பார்த்தார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள் என்பதில் பெரிய ரகசியம் இல்லை. ஆனால் ஊழியர்களின் மனச்சாய்வு தேடல் முடிவில் ஏறுகிறது என்று காட்ட அது போதாது. மனிதக் கை படுகிற ஓர் இடம் தட்டும்போதே கீழே விழும் பரிந்துரைகள், எதைக் காட்டக்கூடாது என்று அங்கே விதி இருக்கிறது. 2024 ஜூலையில் டிரம்ப் மீதான கொலை முயற்சியைத் தேடியவர்களுக்கு அந்தப் பரிந்துரை வராமல் போய் ரகளையானது. அரசியல் வன்முறைப் பரிந்துரைகளைத் தடுக்கும் ஏற்பாடு பழசாகிப்போனதுதான் காரணம் என்றது கூகுள். இருக்கலாம். நம்பாதவர்களையும் குறை சொல்ல முடியாது.

எனக்கு இதைவிட உறுத்துவது வேறு. கூகுள் மேப்பில் காஷ்மீரை இங்கிருந்து பார்த்தால் எல்லைக்கோடு முழுசாக, இந்தியா சொல்கிறபடி இருக்கும். வெளிநாட்டிலிருந்து பார்த்தால் புள்ளிக்கோடு. 2025 ஜனவரியில் மெக்சிகோ வளைகுடாவின் பெயரை டிரம்ப் மாற்றியதும், பிப்ரவரியில் அதே மேப்பில் அமெரிக்காவில் பார்க்கிறவர்களுக்கு ‘அமெரிக்க வளைகுடா’, மெக்சிகோவில் பழைய பெயர், மற்ற நாடுகளில் இரண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். ஒரே கடல், மூன்று விதம். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் நாட்டாமை தலையாட்டுகிற மாதிரி பேசுவதைத்தான் இந்தக் கம்பெனிகள் நடுநிலை என்கின்றன. யாரிடமும் வியாபாரம் கெட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அப்புறம் பணம். பிரினும் அவரோடு கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் 1998-ல் எழுதிய கட்டுரையிலேயே, விளம்பரத்தில் பிழைக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம்தான் சாயும் என்று எழுதிவைத்தார்கள். பிறகு அதே விளம்பரத்தில்தான் சாம்ராஜ்யமே எழுப்பினார்கள். தன் ஷாப்பிங் சேவையை மேலே தூக்கி வைத்து மற்றவர்களைக் கீழே தள்ளியதற்கு 2017-ல் ஐரோப்பிய ஒன்றியம் போட்ட அபராதம் 242 கோடி யூரோ. விசாரித்து, ஆவணங்களோடு நிறுவப்பட்ட சாய்வு இது. இதில் கட்சி எங்கே வந்தது?

வேறு தேடுபொறிக்கு மாறினால் தீருமா என்று கேட்பீர்கள். கூகுள் வேண்டாம் என்று டக்டக்கோவுக்குப் போனவர்கள், 2022 மார்ச்சில் ரஷ்யப் பொய்ப் பிரச்சாரத் தளங்களைக் கீழே இறக்குகிறோம் என்று அதன் தலைவர் அறிவித்ததும் கொதித்துப் போனார்கள். எனக்கு அவர் செய்ததில் பெரிய தப்பு தெரியவில்லை. எதை மேலே வைப்பது, எதைக் கீழே வைப்பது என்பதுதானே தேடுபொறியின் வேலையே?

நம் அண்ணன் கதைக்கு வருகிறேன். போன வாரம் சும்மா அவர் பெயரைத் தட்டிப் பார்த்தேன். நில வழக்கு இப்போது மூன்றாம் பக்கத்தில். மேலே புதிதாக வருகிற ஏஐ சுருக்கம் ‘ஏழை எளியோருக்காகப் பல ஆண்டுகளாக உழைத்து வரும் சமூக சேவகர்’ என்று ஆரம்பிக்கிறது. அந்த வரி என்னுடையது. ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில் எழுதியது.